எஸ்தரின் பரீட்சைக்கு நான் நோயாளி

1

போன செவ்வாய்க்கிழமை எஸ்தர் பாஸாகிவிட்டாள். தபாலில் வந்த கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன்.

எஸ்தர் என் மனைவி. சத்துவாச்சாரிப் பெண். வேலூரில் நர்ஸ் படிப்புப் படித்து, அங்கேயே வேலை பார்த்து, பதினான்கு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வேலை கிடைத்து வந்தவள். அவளுடைய விசாவில் நானும் மகள் ப்ரீத்தியும் ஒட்டிக்கொண்டு வந்தோம். ப்ரீத்திக்கு அப்போது மூன்று வயது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்தவன். படிப்பு பத்தாவதோடு சரி. இங்கே, வடக்குப் பக்கம் ஒரு சின்ன நகரத்தில், ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் இடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

இந்த ஊரில் டாக்டர்கள் குறைவு. அதனால் அனுபவப்பட்ட நர்ஸுகளுக்கு ஒரு படிப்பு வைத்து, டாக்டர் போலவே நோயாளியை உட்கார வைத்து விசாரிக்கவும், உடம்பைப் பரிசோதிக்கவும் கற்றுத் தருகிறார்கள். எஸ்தர் நாற்பத்தெட்டு வயதில் அந்தப் படிப்பில் சேர்ந்தாள். முதல் பரீட்சையில் ஃபெயிலானாள். இரண்டாவது தடவைக்கு முன்னால் எங்கள் சமையலறையில் நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன். எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா நான் ஃபெயிலானதையும் எழுதணும். உங்கள மட்டும் கெட்டவரா காட்டிக்காதீங்க" என்றாள்.

2

அவள் ஃபெயிலான காரணத்தைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குப் பாடம் எல்லாம் தெரியும். பரீட்சையில் நோயாளியாக நடிக்க ஒரு வயதான வெள்ளைக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு நெஞ்சு வலி. எஸ்தர் அவரிடம் கேட்டாள்: வலி எப்போது வருகிறது, படி ஏறும்போதா? அவர் வாயைத் திறப்பதற்குள், ஆமாம், ஏறும்போதுதான் இருக்கும் என்று அவளே சொல்லிவிட்டாள். இடது கையிலும் வலிக்குமே, வியர்க்குமே, தூக்கம் இருக்காதே. இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, நன்றாகச் செய்தோம் என்று வெளியே வந்திருக்கிறாள்.

பரீட்சை வைத்த வாத்தியாரம்மா எழுதிக் கொடுத்த குறிப்பில், நோயாளிக்குப் பதில் நீங்களே பேசிவிட்டீர்கள் என்று இருந்தது.

"ஊர்ல காலைல போனா வரிச ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் நிக்கும். ஒவ்வொருத்தரும் யோசிச்சி பதில் சொல்ற வரைக்கும் நின்னா டூட்டி முடியுமா?" என்று என்னிடம் சண்டை போடுவது போலக் கேட்டாள்.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நம் பக்கத்தில் நோயாளி எப்போது பேசியிருக்கிறார்? சோளிங்கரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ பஸ் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஒருவருக்குத்தான் நோய், மூன்று பேர் கூட வருவார்கள். டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார். கூட வந்தவர் பதில் சொல்வார். நோயாளி சட்டையைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. சின்ன வயதிலிருந்து எனக்காக அம்மா பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு எஸ்தர் பேசினாள். இங்கே வந்த பிறகும் அப்படித்தான். டாக்டர் என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். "இவருக்கு முதுகு வலி, ரெண்டு வாரமா" என்று இங்கிலீஷில் எஸ்தர் ஆரம்பிப்பாள். எனக்கு இங்கிலீஷ் வராது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஓரளவுக்கு வரும். பேச்சுத்தான் வராது, அது தமிழிலும் வராது.

இரண்டாவது பரீட்சைக்கு அவள் ஒன்றே ஒன்றைப் பழக வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நோயாளி பதில் சொன்ன பிறகும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல், மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும்.

"சாயந்தரம் சாயந்தரம் நீங்க உக்காருங்க. உங்கள மாதிரி பேசாத ஆளு கெடைக்கிறது கஷ்டம். உங்ககிட்ட பழகுனா எவன்கிட்டயும் பாஸாயிடுவேன்" என்றாள்.

சரி என்றேன். மறுக்க என்ன காரணம் சொல்ல முடியும்? காரணம் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது என்பதுதான் காரணம்.

3

எனக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. ஊரில் ஃபிட்ஸ் என்பார்கள். பத்து வருடம் வந்துகொண்டிருந்தது. சில மாதம் வராது, பிறகு ஒரே வாரத்தில் இரண்டு தடவை வரும். வருவதற்குச் சற்று முன்பு எனக்கு ஒரு வாசனை வரும். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் பச்சைத் தோலின் வாசனை. அந்த வாசனை வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். ஆனால் நான் இருந்தது ஆம்பூரில். காற்று திரும்பினால் ஊருக்கே அந்த வாசனைதான். இது ஊரிலிருந்து வருகிறதா, என் தலைக்குள்ளிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு நாளைக்கு நாலு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். மற்ற பையன்கள் என்னைச் சோம்பேறி என்று நினைத்தார்கள்.

கடைசியாக வந்தது பத்தொன்பது வயதில், கம்பெனியில், தோல் வெட்டும் மெஷின் பக்கத்தில். கண் விழித்தபோது என் கையில் பெரிய இரும்புக் கத்தரிக்கோல் ஒன்றைத் திணித்திருந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் அஜீஸ் பாய் சுற்றி நின்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். "பசி மயக்கம்பா. காலைல சாப்ட்டிருக்க மாட்டான். போய் வேலைய பாருங்க, இன்னா வேடிக்க." எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "நாளைலேர்ந்து மெஷின் வேணாம் ராஜா. டேபிள்ல உக்காந்து சொல்யூஷன் தடவி தோல ஒட்டு. சம்பளம் கொஞ்சம் கம்மி, பேஜார் ஆவாத" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபத்து நாலு வயது வரை மாத்திரை சாப்பிட்டேன். பிறகு டாக்டர் நிறுத்திவிட்டார். இன்று வரை திரும்ப வரவில்லை.

பெண் பார்க்க ஆரம்பித்தபோது அம்மா என்னிடம் சொன்னது இது: "கல்யாணம் ஆவுற வரைக்கும் வாய தொறக்காத. ஆன பின்னாடி தொறக்கவே தொறக்காத."

எஸ்தருக்கு நிறைய இடம் தள்ளிப் போயிருந்தது. நர்ஸு வேலை, நைட் டூட்டி உண்டு என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தயங்கினார்களாம். எங்கள் வீட்டில் தயங்கவே இல்லை. நர்ஸுதான் வேண்டும் என்று அம்மா தேடினார். பத்தாவது படித்தவனுக்கு நர்ஸா என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா ஏன் தேடினார் என்று எனக்குத் தெரியும். எஸ்தருக்குத் தெரியாது.

இப்படி இருபது வருடம் ஓடிவிட்டது. இங்கே வந்த புதிதில் கார் லைசென்ஸுக்கான படிவத்தைத் தபால் ஆபீஸில் வாங்கி வந்தேன். உடம்பைப் பற்றிய பக்கத்தில், வலிப்பு உண்டா, எப்போதாவது இருந்ததா என்று கேட்டிருந்தது. மடித்து அலமாரியில் வைத்தவன்தான். குளிர் அதிகம், ரோடு பழக்கமில்லை, பஸ்ஸே சௌகரியம் என்று வருடத்துக்கு ஒரு காரணம் சொன்னேன். பனியில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். எஸ்தர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு என்னைக் கடந்து போவாள், அவள் போகிற திசை வேறு. இப்போது ப்ரீத்திக்குப் பதினேழு. அவளும் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.

"அப்பா, நீ ஏன் டிரைவ் பண்ணல? யூ ஆர் ஸ்கேர்ட், ரைட்?" என்பாள். அவளுக்குத் தமிழில் எல்லோரும் 'நீ' தான், சர்ச்சில் பாஸ்டர் வரைக்கும்.

"ஆமா, பயம்" என்பேன். அது ஒன்றுதான் நான் பொய் சொல்லாமல் சொன்ன பதில்.

4

முதல் மூன்று மாலைகளும் நன்றாகவே போயின. நான் வேலை முடிந்து வந்து டீ குடித்ததும், எஸ்தர் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப் பக்கம் உட்காருவாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். கையில் தாள். தன் பெயரைச் சொல்வாள். என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பாள். கட்டின பெண்டாட்டி பெயர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. இன்னா பிரச்சனைக்காக வந்துருக்கீங்க?"

"முதுகு வலி."

"எத்தினி நாளா? ரெண்டு வாரமா தான..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்வாள். "திரும்ப கேக்கறேன். எத்தினி நாளா?"

பிறகு உதடு அசையாமல் எண்ணுவாள். அவள் எண்ணுவது கண்ணில் தெரியும். எனக்கு வியர்க்கும். எங்கள் வீட்டில் மௌனம் வந்தால் அதை நிரப்புவது அவள் வேலை. அந்த வேலையை அவள் விட்டுவிட்டால் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

"இதுக்கு முன்னாடி உடம்புக்குப் பெருசா ஏதாவது வந்துருக்கா?" என்பது பட்டியலில் வரும் ஒரு கேள்வி. மூன்று நாளும் இல்லை என்றேன். மூன்று நாளும் எழுதிக்கொண்டாள். இரண்டாவது நாள் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, ஒரு வலிப்பில் பல் பட்டது.

"இது இன்னா?"

"கறி சாப்புடறப்போ கடிச்சிக்குனேன். சின்ன வயசுல."

"எலும்ப உட்டுட்டு நாக்க கடிச்சீங்களா?" என்று சிரித்தாள். அதையும் எழுதிக்கொண்டாள். என் பொய் அவள் கையெழுத்தில் அந்தத் தாளில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. இருபது வருடத்தில் என் நோயைப் பற்றி நான் வாய் திறந்து பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக, கேட்டதற்குச் சொன்ன பொய்.

5

நாலாவது மாலை, வியாழக்கிழமை. அவளுக்கு எட்டு மணிக்கு நைட் டூட்டி. சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்று வகுப்பில் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். நோயாளி 'இல்லை' என்று சொன்னாலும், அந்த இல்லைக்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். அவசரமில்லை என்பது முகத்தில் தெரிய வேண்டும்.

"இதுக்கு முன்னாடி உடம்புக்குப் பெருசா ஏதாவது வந்துருக்கா?"

"இல்ல."

அவள் எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சந்தேகமில்லை, குற்றம் சாட்டவில்லை. பழகுகிறாள், அவ்வளவுதான். ஆனால் அப்படி ஒருவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என் பதிலுக்காகவே உட்கார்ந்திருந்தது அதுவரை நடந்ததில்லை. பத்து தாண்டியிருக்கும். குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"ஃபிட்ஸு இருந்துச்சி" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. நர்ஸு முகம் அது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்ட முகம்.

"சரி. சொல்லுங்க."

எந்த வயதில், எத்தனை தடவை, என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினார்கள், கடைசியாக எப்போது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். வருவதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். வாசனையைச் சொன்னேன்.

"அதான் காலைல எழுந்ததும் மூக்க இழுத்துக்குனு நிக்கறீங்களா?"

"ஆமா. இங்க அந்த வாசன கெடையாது. வந்தா தெரிஞ்சிடும்."

எல்லாவற்றையும் எழுதி முடித்தாள். கடைசியில் தாளில் உள்ளபடி, "பொறுமையா சொன்னதுக்கு நன்றி" என்றாள். எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் முன்னதாகவே டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

6

அடுத்த இரண்டு நாளும் அவள் ப்ரீத்தியை உட்கார வைத்துப் பழகினாள். ப்ரீத்தி ஒவ்வொரு கேள்விக்கும் கதை விட்டாள். மூன்று பிள்ளை பெற்றதாகவும் தினமும் சுருட்டு பிடிப்பதாகவும் சொன்னாள்.

"அப்பா, யூ காட் ஃபயர்ட்?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினேன். எஸ்தர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு வைத்தாள். அலாரம் வைத்தாயிற்றா என்று கேட்டாள். எனக்கு வேலையில் கை ஓடவில்லை. மடித்த விரிப்பையே திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இனி எப்போதும் என்னிடம் இப்படியே, வார்டில் பேசுகிற மாதிரியே பேசிவிடுவாளோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், தலை நிமிராமல் ஆரம்பித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ உங்கம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? பையனுக்குக் கூச்சம் ஜாஸ்தி, வேற ஒரு கொறையும் இல்லன்னாங்க."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இதுக்குத்தான் நர்ஸா பாத்து தேடுனாங்களா?"

"ஆமா."

"எங்க ஊட்ல இன்னா பெரும பட்டாங்க தெரியுமா. நர்ஸுன்னு எல்லாரும் தயங்குறாங்க, இவங்க மட்டும் தயங்கலன்னு எங்கப்பா தெருவெல்லாம் சொன்னாரு." கொஞ்ச நேரம் உரித்தாள். "சரி, நர்ஸு வேணும்னு தேடுனாங்க. தேடி கொண்டாந்து ஊட்ல வெச்சிட்டு, நோய மட்டும் சொல்லலன்னா அந்த நர்ஸு இன்னா செய்வா?"

அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. பழியை அங்கே தள்ளிவிட முடியும். தள்ளவில்லை.

"ப்ரீத்திக்கு ரெண்டு வயசுல காய்ச்சல்ல ஒரு தடவ கை காலு வெட்டிச்சே, ஞாபகம் இருக்கா? டாக்டர் கேட்டாரு, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு. நான் இல்லன்னேன். நல்லா தெரியும், யாருக்கும் இல்லன்னு அடிச்சி சொன்னேன். நீங்க கொழந்தையத் தூக்கிக்குனு பக்கத்துலயே நின்னீங்க."

அதுதான் நான் வாழ்க்கையில் மறக்காத நாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, காய்ச்சலால் வந்தது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். வரவும் இல்லை. ஆனால் அந்த அறையில் என் கையில் குழந்தை சூடாகக் கிடந்தது, வாய்க்குள் பதில் இருந்தது, எஸ்தர் எனக்காகவும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டாள். நான் அவளைப் பேச விட்டேன்.

"தப்பு" என்றேன். "அது தப்பு, எஸ்தர்."

அவள் வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"வார்டுல எத்தினி பேருக்கு ஃபிட்ஸு வந்து பாத்துருப்பேன். எல்லாரையும் ஒருக்களிச்சி படுக்க வெச்சி, முழிக்கிற வரைக்கும் தலைமாட்டுல நின்னுருக்கேன். ஊட்ல இருக்கற ஒருத்தருக்கு மட்டும் நான் நர்ஸு இல்ல."

7

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது மேசையில் தாளும் ஸ்டெதாஸ்கோப்பும் இருந்தன. பரீட்சை மறுநாள்.

"உக்காருங்க. ப்ரீத்திகிட்ட பழகுனா நான் திரும்ப ஃபெயிலாவேன்" என்றாள்.

முதலிலிருந்து தொடங்கினாள். பெயர், பிறந்த தேதி. இந்தத் தடவை அவள் ஒரு பதிலையும் முந்திச் சொல்லவில்லை. வலிப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் நானே நிறுத்தாமல் சொன்னேன். அஜீஸ் பாயைச் சொன்னேன். கையில் கத்தரிக்கோல் வைத்ததைச் சொன்னபோது, "அதெல்லாம் வெச்சா நிக்காதுங்க, கண்ணுல குத்திக்குனா இன்னா ஆவுறது" என்று கோபப்பட்டாள், முப்பது வருடத்துக்கு முன் நடந்ததற்கு. அலமாரியில் இருக்கும் லைசென்ஸ் படிவத்தைச் சொன்னேன். இத்தனை வருடம் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துக் கேட்கலாம், சொல்லியிருந்தால் எப்போதோ ஓட்டியிருக்கலாம் என்றாள். பதினான்கு குளிர்காலமும் நான் ஏன் பஸ் ஸ்டாப்பில் நின்றேன் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என் கையைப் பார்த்தாள்.

பிறகு தாளைப் பார்க்காமல் கேட்டாள்.

"பயமா இருந்துச்சா?"

பத்தோடு நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு மேல் காத்திருந்தாள்.

"தூங்குறப்போ வந்துடுமோன்னு இருக்கும். நீ பக்கத்துல இருக்கறப்போ வந்துட்டா பாத்துடுவியேன்னு. நீ நைட் டூட்டி போற அன்னிக்கி தான் நான் நல்லா தூங்குவேன்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவளோடு வேலை செய்பவர்கள், நைட் டூட்டி போட்டால் முணுமுணுக்காத புருஷன் கிடைத்திருக்கிறான் என்று அவளிடம் சொல்வார்களாம். அதை அவள் பெருமையாக என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள், பல தடவை.

அவள் பேனாவை மூடினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"எழுந்து நில்லுங்க. பரிசோதன பாக்கி இருக்குது."

கண்ணில் டார்ச் அடித்தாள். விரலைப் பின்தொடரச் சொன்னாள். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினாள். நாக்கை நீட்டச் சொன்னாள், தழும்பைப் பார்த்தாள், இந்தத் தடவை என்ன என்று கேட்கவில்லை. கடைசியில் ஒரு பரிசோதனை. கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நோயாளி நிற்க வேண்டும். பரிசோதிப்பவர் தொடாமல், இரண்டு பக்கமும் கைகளை நீட்டி, தள்ளாடினால் தாங்கிக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். நின்றால் போதாது, அதை நோயாளியிடம் வாயால் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் மார்க் இல்லை.

"கண்ண மூடிக்கோங்க" என்றாள். "பக்கத்துல தான் நிக்கறேன். சாஞ்சீங்கன்னா புடிச்சிக்குவேன்."

மூடிக்கொண்டேன். அவள் கைகள் என்னைத் தொடவில்லை. தோள்களின் இரண்டு பக்கமும் அவற்றின் சூடு மட்டும் தெரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பரிசோதனை என்று சொல்லியிருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ப்ரீத்தி மாடியிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. கதவருகே நின்றுவிட்டாள் போலிருக்கிறது.

"வாட் ஆர் யூ டூ டூயிங்?"

"பரீட்ச" என்றாள் எஸ்தர்.

முடிந்தது, கண்ணைத் திறங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் திறக்கவில்லை.